ஒன்பதாவது தட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை. லீவில் கடத்தூர் வந்திருந்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து முதலாளி கூப்பிட்டார். "மாதேஷ் போயிட்டார்ப்பா. மாரடைப்பு. ரூம்லயே முடிஞ்சிருச்சு. அம்மாவும் இல்லாத மனுஷன், யாருக்குத் தகவல் சொல்றது?" என்றார். வாயில் நுரையோடு "நான் சொல்லிடறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். பிறகு மாதேஷ் அண்ணனுடைய அம்மாவிடம் சொல்வதற்குக் காரிமங்கலம் பஸ் ஏறினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதேஷ் அண்ணன் பெங்களூரில் ஒரு பெரிய உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். நான் அங்கே பரிமாறுகிறவன். அங்கே ஆர்டர் கொடுக்கிற பேச்சே கிடையாது. உட்கார்ந்தால் பதினோரு தட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஒரு வாய். தட்டுக்குத் தட்டு ஒரு கதை வேறு சொல்ல வேண்டும். "சோத்தப் போட்டுட்டு சும்மா இருந்தா இவங்களுக்குச் செரிக்காதுடா" என்பார் அண்ணன். முதல் வாரம் நான் தட்டைக் கீழே போட்டபோது, "ஊர்க்காரன் வந்துட்டேன்னு மணி அடிக்கிறியா?" என்று சிரித்தவர் அவர்.

ஒன்பதாவது தட்டு, நெல்லிக்காய் அளவு கேழ்வரகுக் களி, பக்கத்தில் கடைந்த புளிச்சக்கீரை. அது மெனுவில் ஏறிய புதிதில், சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற ஒருவர் வந்தார். களியைப் போய் மென்றிருக்கிறார், மகராசன். முகம் சுளித்துத் தட்டைத் தள்ளினார். அண்ணனுக்கு வந்ததே கோபம்! மேசைக்குப் போய், "எங்கம்மா சாகறதுக்கு முந்தி எனக்கு ஊட்டின கடைசி உருண்டை சார் இது. மெல்லாம முழுங்குங்க" என்று சொல்லிவிட்டார். அவர் முழுங்கினார், கண் கலங்கினார், அப்படியே எழுதியும் விட்டார்.

உள்ளே வந்த அண்ணன் சமையலறைக் கதவைச் சாத்தினார். "ஐயோ, என்னடா சொல்லிட்டேன்! அம்மா வூட்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்குது" என்றார்.

அடுத்த வாரமே மெனு கார்டில் அச்சாகிவிட்டது: அம்மாவின் கடைசி உருண்டை. அதற்காகவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாலு வருஷம், மேசை மேசையாகப் போய் உயிரோடிருக்கிற தாயைச் சாகடித்துவிட்டு வருவார். எடுத்துவிடலாமா என்று கேட்டும் பார்த்தார். "மத்த பத்தையும் மாத்திக்கோங்க, அதைத் தொடாதீங்க" என்றார் முதலாளி. உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் கத்தியதற்கு, "சொன்னா நான் ஆக்கினது அத்தனையும் பொய்யாயிடும்டா. கிணத்துல எறங்கிட்டேன், கயிறு மேலயே கெடக்குது" என்றார்.

தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கதவு திறக்குமுன் ஊருக்குப் போன் போடுவார். "அம்மா, சாப்பிட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. பதில் வந்தபிறகே ஏப்ரனைக் கட்டுவார். ஒருநாள் அம்மா எடுக்கவில்லை. மனிதர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஓடிப் பார்க்கச் சொன்னார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார்கள்.

"நீ ஆக்கறத ஒரு தடவையாச்சும் நான் திங்கணும்" என்று போன ஆடியில் அம்மா அடம்பிடித்தார்கள். திங்கட்கிழமை உணவகத்துக்கு விடுமுறை. அண்ணன் யாருக்கும் தெரியாமல் அழைத்து வந்து நடு மேசையில் உட்கார வைத்தார். நான் பரிமாறினேன். எட்டுத் தட்டு போயிற்று. ஒன்பதாவதை எடுக்கப் போனால், அண்ணன் களித் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "இது வேணாம்டா, அடுத்ததக் கொண்டு போ."

அம்மா விரல்விட்டு எண்ணியிருக்கிறார்கள். "பதினொன்னுன்னியே தம்பி, பத்துதான வந்துச்சு?"

"ஒன்னு கெட்டுப்போச்சும்மா" என்றார் அண்ணன், தலையைக் குனிந்தபடி.

ஊருக்கு உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்த அன்று முதலாளி மலர்வளையம் அனுப்பியிருந்தார். 'அம்மாவிடமே சேர்ந்துவிட்டீர்கள்' என்று அதன் ரிப்பனில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அம்மா அதை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ரிப்பனை அவிழ்த்து என் சட்டைப்பையில் திணித்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி மறுபடி கூப்பிட்டார். சனிக்கிழமை நினைவு விருந்து, ஒன்பதாவது தட்டின் கதையை இனி நான்தான் சொல்ல வேண்டுமாம். போனை வைத்துத் திரும்பினால் எதிரே அம்மா. மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடாதவர்கள்.

"அன்னைக்கு ஒன்னு கொறைஞ்சுதே, அது என்னப்பா?"

இப்போது கிணற்றுக்குள் நான். ஏதோ மீன் கெட்டுவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தேன். முடியவில்லை. ரிப்பனை எடுத்து வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அந்த ரிப்பனைத் தடவிப் பார்த்தார்கள். "அதான் தெனம் அஞ்சு மணிக்குக் கூப்புட்டானா? நான் இருக்கறனான்னு பாத்துக்க?" என்றார்கள். பிறகு உடைந்து அழுதார்கள். "பைத்தியக்காரப் பய. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே வந்து ஆமா, செத்துட்டேன்னு சொல்லியிருப்பனே!"

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால், பக்கத்து வீட்டு அடுப்பில் நானே களி கிண்டினேன். சனிக்கிழமை நான் போகப்போவதில்லை. கதைக்குப் பதிலாக நான் எழுதியிருக்கும் இதை வாசித்துக்கொள்ளுங்கள் முதலாளி.

களியை உருட்டிக் கொடுத்தபோது மணி ஐந்து. அம்மா மடியில் போனை வைத்துக்கொண்டு உருண்டையை வாங்கினார்கள். போனை ஒருதரம் பார்த்தார்கள். பிறகு மெல்லாமல் முழுங்கினார்கள்.

மாதேஷ் அண்ணா, அம்மா சாப்பிட்டுட்டாங்க. இன்னைக்கு ஏப்ரன் கட்ட வேண்டாம்.