கொடி இறங்கிய நாளின் படுதா

என் வீட்டுக்காரர் திருகோணமலையில், வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தில் கித்தான் துணி தைக்கிற வேலை பார்த்தார். கப்பலுக்கு நிழற்படுதா, பீரங்கிக்கு உறை, தீயணைக்கக் கித்தான் வாளி. நான் கடலைப் பார்த்ததே இல்லை. காட்டுக்குள் மறைத்துக் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள், சங்கு ஊதியதும் ஓடுகிற கூட்டம் எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். வருசத்துக்கு ஒரு தடவை வருவார். திரும்பிப் போகும்போது நான் வாசலுக்கு வரமாட்டேன், அழுதுவிடுவேன் என்று.

ஐம்பத்தேழில் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். கொடி இறக்கிய அன்று அதிகாரிகள் தலைக்கு மேல் கட்டிய படுதா இவர் தைத்தது. பிறகு இவருக்கு வேலை இல்லை. படுதாவில் ஒரு துண்டைச் சுருட்டிக்கொண்டு ஊர் வந்தார்.

"இங்க ஒண்ணும் தோதுப்படலேன்னா சிங்கப்பூர்த் தளத்துக்குப் போயிருவேன். ஆள் எடுக்குறாகளாம்" என்றார். மறுபடியும் வருசத்துக்கு ஒரு தடவைதானா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் கன்னிவாடிப் பக்கம் என் அண்ணன் தோட்டத்தில், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கமலைச் சாலில், தண்ணீரை வாய்க்காலுக்குக் கொட்டுகிற தோல் வால் கிழிந்துபோனது. தக்காளிச் செடி வாடுகிறதென்று அண்ணன் பறந்தார். இவர் அந்தப் படுதாத் துண்டிலேயே ஒரு வால் தைத்து மாட்டினார். மாடு இழுத்தது. சால் மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் ஒழுகிவிட்டது.

"ஏன் மாப்ளே, கப்பலுக்குத் தச்சீகளா, சல்லடை தச்சீகளா?" என்றார் அண்ணன்.

களையெடுக்க வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். இவர் வாலை அவிழ்க்கப் போனார். அவிழ்த்தால் சிங்கப்பூர்தான் என்று எனக்குப் பட்டது. ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணே, ஒரு நா ஊறட்டும். அங்க கித்தான் வாளிய ஊறப்போட்டுத்தான் எடுப்பாகளாம். நூல் உப்புனாத்தான் ஒழுகாதாம்."

"அடியாத்தி, ஒனக்குப் பேச வருமா!" என்றார் அண்ணன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "அட, ஆமா! அவசரத்துல மறந்தே போனேன்."

இவர் சொன்னதையெல்லாம் வருசம் முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தவள் நான்தானே.

தொட்டியில் ஒரு நாள் ஊறி, துணி பலகைபோல் விறைத்தது. மறுநாள் சால் நிறையத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் கடைசிப் பாத்திவரை ஓடியது. மதியத்துக்குள் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து, "எனக்கும் ஒண்ணு தச்சுத் தாங்க" என்று நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சிங்கப்பூர்ப் பேச்சே எடுக்கவில்லை. "திண்டுக்கல்லுல நல்ல கித்தான் எந்தக் கடையில கெடைக்கும்?" என்று என்னிடம்தான் கேட்டார்.