ஆறு பச்சைச் சேலைக்கு அடியில்

போன மாதம் தாம்பரம் பக்கம் போனீர்களா? கிறிஸ்துமஸ் சீசனில் ஜவுளிக்கடைக்குள் நாம் நுழையவே வேண்டாம். பின்னால் வருகிறவர்களே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படித்தான் நானும் இரண்டாவது மாடியில் கரை ஒதுங்கினேன். பார்த்த சேலையெல்லாம் ஏற்கெனவே பீரோவில் இருக்கும் கலர். கிளம்பலாம் என்று திரும்பினால்... ஆறு பச்சைச் சேலைகளுக்கு அடியில் அரக்குக் கலர் முந்தானை ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரே பீஸ்! இழுத்தேன், பில் போட்டேன், வழியிலேயே டெய்லரிடமும் ஜாக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லி நன்றி செலுத்தலாம். வருஷமெல்லாம் வாய் திறக்காத நான் அன்று எழுந்தேன்.

"அவ்வளவு கூட்டத்துலயும் எனக்காகவே ஒரு சேலைய ஆறு சேலைக்கு அடியில கர்த்தர் ஒளிச்சு வச்சிருந்தார். ஸ்தோத்திரம்!"

சபையே 'அல்லேலூயா' என்றது. உட்கார்ந்ததும் முதுகில் ஒரு விரல் தட்டியது.

"அக்கா... அரக்குக் கலரா? ரெண்டாவது மாடியா?"

"ஆமா சிஸ்டர்."

"அத ஒளிச்சு வச்சது நான்தான்க்கா."

விமலா. பொத்தேரியில் லேடீஸ் ஹாஸ்டல் வார்டன், சபைக்குப் புதுசு. பாடகர் குழுவில் அவருக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அரக்குச் சேலை என்று ரகசியமாக முடிவு செய்திருக்கிறார்கள். சேலையை போட்டோ எடுத்தவர், மாடியில் சிக்னல் இல்லாததால் குழுத் தலைவிக்கு அனுப்பக் கீழே இறங்கியிருக்கிறார் — யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று பச்சைக்கு அடியில் சொருகிவிட்டு! திரும்பி வந்தால் பச்சை மட்டும் இருந்திருக்கிறது.

"பரவால்லக்கா. இந்த வருஷம் கீழ உக்காந்தே பாடிக்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே — பொய் சொல்வானேன்? — கோபமும் வந்தது. கடைச் சேலையை ஒளித்து வைப்பது மட்டும் நியாயமா? கர்த்தரோடு அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தேன். தோற்றது நான்தான். ஆராதனை முடிந்ததும் வாசலுக்கு ஓடி டெய்லருக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கத்தரி வச்சிடாதீங்க!"

"சாக்பீஸ் போட்டுட்டேன்மா. கத்தரி கைலதான் இருக்கு."

கிறிஸ்துமஸ் அன்று விமலா நான் கொடுத்த அரக்குச் சேலையில் குழுவோடு முன்வரிசையில் நின்று பாடினார். நான் போன வருஷச் சேலையில் உட்கார்ந்து கேட்டேன். மனசு நிறைந்துதான் இருந்தது. அந்தக் கலர் எனக்கு இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிறு, சாட்சி நேரம். விமலா எழுந்தார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். பாராட்டு வரப்போகிறதே!

"கைவிட்டுப் போன சேலைய கர்த்தர் திருப்பிக் குடுத்தார். ஸ்தோத்திரம்!"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். என் பேர் வரவே இல்லை.

கோபித்துக்கொள்ள முடியுமா? ஒளித்து வைத்தது யாரென்று அன்று நான் மட்டும் விசாரித்தேனா என்ன!