மூன்றாம் சரணம்

ஜங்லிகாட் மீன் சந்தையில் லூசியின் குரல் காதில் விழாமல் மீன் வாங்கிப் போனவர் யாரும் இருக்க முடியாது. பெங்காலிக்கு இந்தியில், தெலுங்கருக்கு இந்தியில், தமிழருக்கும் பாதி இந்தியில் சூரை மீனின் பெருமையைச் சொல்லுவாள். கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தபோது அவளுக்கு இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவள், இறங்கியதும் செத்தாலும் இனி கப்பலேற மாட்டேன் என்றாள். இந்தியைச் சந்தை கற்றுக்கொடுத்தது. குரல் மட்டும் ஊரிலிருந்தே கொண்டுவந்த சீதனம்.

அந்தக் குரலை ஞாயிற்றுக்கிழமையில் சந்தையிலேயே பூட்டிவைத்துவிட்டு வர முடியுமா? கோயிலுக்கும் அது கூடவே வரும். தமிழ்ப் பூசையில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் நின்று அவள் பாட ஆரம்பித்தால், அவளைச் சுற்றியிருக்கிற பெண்கள் எல்லாருக்கும் தைரியம் வந்துவிடும். தப்பாகப் பாடினாலும் வெளியே தெரியாது என்கிற தைரியம்தான், வேறொன்றுமில்லை.

ஆனால் லூசி கத்திப் பாடுவதற்கு வேறு காரணம் இருந்தது. அவள் கணவர் இருதயநாதன் மீன்பிடி போட்டில் டிரைவர். வாலிபம் முழுக்க டீசல் இஞ்சின் பக்கத்திலேயே நின்றதில் காது மெல்ல மெல்ல அடங்கிப்போனது. இதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரே முணுமுணுக்கப் பழகிவிட்டது என்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் அது மட்டும் சுத்தமாகக் கேட்காது. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடைபாதைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனிதருக்குப் பாட்டு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிவது லூசியின் குரலை வைத்துத்தான். அவள் ஆரம்பித்தால் ஆரம்பிப்பார், நிறுத்தினால் நிறுத்துவார். நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுவார். வாரம் முழுக்க யார் பேச்சிலும் கலந்துகொள்ளாத மனிதர் நாலு பேரோடு சேர்ந்து வாய் திறப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதனால் லூசிக்கு அது பூசையைவிடப் பெரிய விஷயம். ஃபாதர் காதில் இது விழ வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயிலில் கீபோர்டு வாசிக்கிற டயானா மீன் வாங்க வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், பேச்சில் இந்தி கலந்து வரும். பேங்கில் வேலை. சூரையை வாங்கிப் பையில் போட்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு தோடா மெதுவா பாடுவீங்களா? பூசையை இப்ப லைவ் போடுறோம்ல. மைக்ல உங்க ஆவாஸ் மட்டும்தான் வருது. மெயின்லேண்ட்ல எங்க சித்தி எல்லாம் பாத்துட்டு, யாரு அந்தப் பொம்பளன்னு கேக்குறாங்க."

லூசிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரருக்குக் காது கேக்காது, அதனால் கத்திப் பாடுதேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் மறைக்கிறதை நடுச் சந்தையில் மீனோடு சேர்த்து விற்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அதுக்கென்னம்மா, மெதுவா பாடுதேன்" என்றாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சித்தியைத் திட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் வருகைப் பாட்டுக்கு லூசி உதட்டை மட்டும் அசைத்தாள். இருதயநாதன் திரும்பி அவளைப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்திருப்பார். பெண்கள் பக்கம் முழுக்க அடுப்பணைந்த வீடு மாதிரி இருந்தது. பாடகர் குழு அழகாகத்தான் பாடியது. ஜனம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

காணிக்கைப் பாட்டு வந்தது. இருதயநாதன் பக்கத்து ஆளின் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சரணத்தில் வழக்கம்போல் கண்ணை மூடிவிட்டார். லைவ் நீளுகிறது என்று பாடகர் குழு இப்போதெல்லாம் பாட்டை இரண்டு சரணத்தோடு முடித்துக்கொள்ளும். அன்றைக்கும் முடித்தது. ஃபாதர் ஜெபத்துக்காகக் கையை விரித்தார்.

அந்த அமைதியில் இருதயநாதன் மூன்றாம் சரணத்தை எடுத்தார்.

நல்ல கட்டைக் குரல். ஆள் தனியே போய்க்கொண்டிருந்தார். முன் பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. லூசி நடைபாதைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கண்ணைத் திறந்தாரென்றால் தெரிந்துவிடும். அதற்கப்புறம் இந்த மனிதர் கோயிலில் வாயே திறக்க மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

சித்தியாவது, மைக்காவது. லூசி வாயைத் திறந்தாள்.

அதுவரை அடக்கிவைத்த குரலையும் சேர்த்து விட்டாள். அடுத்த வரிக்குள் பக்கத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த வரியில் ஆண்கள் பக்கமும் வந்துவிட்டது. டயானா ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவள் விரல்கள் தடவித் தடவி லூசியின் சுருதியைக் கண்டுபிடித்தன. பாடகர் குழுவில் தாளம் போடுகிற ஜெனிஷ் ரிதம் பேடில் அடியைப் போட்டான். ஃபாதர் விரித்த கையை மடக்கிக்கொண்டு தானும் பாடினார். சரணத்தின் கடைசி வரியில் இருதயநாதன் கண்ணைத் திறந்தபோது கோயில் முழுக்க வாய்கள் திறந்திருந்தன. அவர் முகத்தில் ஒரு திருப்தி. அதைப் பார்த்ததும் லூசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலாம் சரணத்தையும் விடவில்லை.

பூசை முடிந்து டயானா ஓடி வந்தாள். எதிரே நின்ற இருதயநாதனை ஒருமுறை பார்த்தாள், லூசியைப் பார்த்தாள். லூசி யாருக்காகக் கத்திப் பாடுகிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தை, நான் சொன்னத மறந்துருங்க. மைக்கத் தள்ளி வச்சுக்கிறேன்."

"ஒங்க சித்தி என்ன சொல்லுவாங்களோ."

"சித்திக்கு வால்யூம் குறைக்கத் தெரியும், அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே லூசி ஸ்கூட்டரை எடுத்தாள். அந்த வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவது அவள்தான். ஹாரன் கேட்கிறவர் ஓட்டுவதுதானே நல்லது. பின்னால் ஏறி உட்கார்ந்த இருதயநாதன் நியாயம் பேச ஆரம்பித்தார்.

"முதல் ரெண்டு சரணமும் ஒருத்தனும் ஒழுங்கா வாயத் தொறக்கல, பாத்தியா? எல்லாம் முணுமுணுப்பு. மூணாவதுலதான் ஜனம் பாடிச்சு. நீயும் அதுலதான் பாடுன."

லூசி திரும்பி, ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "அடுத்த வாரம் முதல் சரணத்துலேயே பாடுதேன்."

ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருதயநாதன் தலையை ஆட்டினார். அவருக்குக் கேட்டுவிட்டது.