டப்பாவில் இருந்தது அரிசி இல்லை

மண்டிக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம்தான் பேச்சு வரும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன.

அரிசி மண்டியில் தரம் பார்த்தே தலை நரைத்தவர். வேலையை விட்ட பிறகும் தெருவில் யார் மூட்டை வாங்கினாலும் ஒரு பிடி அவர் கைக்கு வந்துவிடும். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, "புதுசு, குழையும்" என்பார், குழையும். சம்பளமில்லாத அந்த உத்தியோகம்தான் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை.

சில்லறை அரிசி தனியாகக் கிடந்தால் கை சும்மா இருக்காது, பெரிய மூட்டையில் கொட்டிக் கலந்துவிடுவார். அதுவும் மண்டிப் பழக்கம். சமையலறைக் கண்ணாடி டப்பாவில் மகள் வைத்திருந்ததையும், பொத்திப் பொத்திப் பழசாக்கி வைத்திருந்த தன் அரிசி டிரம்மில் கொட்டி, முழங்கை வரை விட்டுக் கிளறிவிட்டார்.

மத்தியானம் குக்கரைத் திறந்தால் சோற்றுக்கு நடுவே பசை.

"டப்பாவுல இருந்ததையா கொட்டுனீங்க? அது அரிசியே இல்லப்பா. ஏதோ கிழங்கு மாவுல அச்சுப் போட்டு எடுக்கிறது. உங்க சுகருக்குன்னு வாங்கினேன்," என்றாள் மகள்.

"மாவுன்னா மாவு மாதிரி இருக்கணும். அதுக்கு எதுக்குடி முனை? மணியோட வயித்துல எதுக்கு அந்த வெள்ளைப் புள்ளி? வயல்ல விளைஞ்சதுக்கே அது சில நேரம் சரியா அமையாது. எவனோ உக்காந்து யோசிச்சு வச்சிருக்கான், என்னை ஏமாத்தணும்னே."

"உங்களை யாருன்னே அவனுக்குத் தெரியாதுங்க," என்றாள் மனைவி.

முறத்தோடு உட்கார்ந்தார். புடைத்துப் பார்த்தார், இரண்டும் ஒன்றுபோல விழுந்தன. வெயிலில் பிடித்தார், மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். கடைசியில் ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்ப ஆரம்பித்தார். கடித்தால் தெரிந்தது. ஆனால் கடித்தது டிரம்முக்குத் திரும்பாதே.

"டிரம் காலியாகிறதுக்குள்ள உங்க பல்லு காலியாயிடும். எழுந்திரிங்க," என்றாள் மனைவி.

"நான் எழுந்துட்டா அவன் ஜெயிச்சவனாயிடுவான்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டெய்லர் ஒரு பிடி அரிசியோடு வாசலில் நின்றார். "அண்ணே, புது மூட்டை. எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மண்டிக்காரர் உள்ளங்கையில் பரப்பினார். முனை இருந்தது. புள்ளியும் இருந்தது. ஒன்றைக் கடித்தார், அரிசிதான். பக்கத்தில் கிடப்பதற்கு யார் ஜாமீன்? கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேகவச்சுப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்," என்றார்.

"வேகவச்சா எனக்கே தெரிஞ்சிடுமேண்ணே," என்றார் டெய்லர், சூது வாது இல்லாமல்.

அந்தப் பிடி அரிசியை மண்டிக்காரர் திருப்பிக் கொடுக்கவில்லை. உலை வைக்கச் சொல்லி மனைவியிடம் நீட்டினார்.