மேலும் கீழும் போன குண்டுகள்

தங்கச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் நான் பிட்டராக இருந்தபோது, எங்கள் வெள்ளைக்கார எஞ்சினியர் துரையிடம் ஒரு பழைய ரைபிள் இருந்தது. குழல் உள்ளே அரித்துப் போய்விட்டதால், பெங்களூரில் ஒரு துப்பாக்கிக்காரரிடம் சொல்லிப் புதுக் குழல் செய்து வாங்கி வந்தார். அதற்கு லேத்தில் மரை வெட்டி, துப்பாக்கியின் மரக்கட்டையில் பொருத்திக் கொடுத்தவன் நான். தோட்டா தயாரிப்பது, சமையலையும் பார்த்துக்கொண்ட அவருடைய பட்லரின் வேலை. சுட்ட காலித் தோட்டாவின் அடியில் பொறி கொடுக்கும் புதுக் கேப் வைப்பார், வெடிமருந்தை அளந்து கொட்டுவார், ஈயக் குண்டைச் செருகுவார். எல்லாம் சமையலறை மேசையிலேயே நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, மில்லில் அரைத்துக் கொட்டிய மணல்மேட்டை ஒட்டி ஒரு பலகையை நட்டு, நூறு கஜத்திலிருந்து துரை பத்துக் குண்டு சுட்டார். ஒரு சாப்பாட்டு இலை அகலத்துக்குச் சிதறியிருந்தன.

"நீ போட்ட குழல் நல்லா சுடுது. எங்கே சுடுதுன்னு அதுக்கே தெரியலே" என்றார் துரை.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பட்லர் பக்கத்தில் நின்றுகொண்டு, "என் தோட்டாவுல ஒண்ணும் கொறை இல்ல. பழைய குழல்ல நல்லாத்தானே போச்சு?" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கோயிலுக்குப் போன வெள்ளை உடுப்பு கசங்காமல் நிற்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

மறுநாள் துப்பாக்கியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் பாதி தூரத்தில் சிக்கிக்கொண்டது. மழை ஈரத்தில் மரம் ஊதி, குழலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. குழல் சூடேற ஏறத் தள்ளலும் மாறும். குண்டும் பக்கவாட்டில் நகரும். நான்தான் இடைவெளி விடாமல் இறுக்கமாகப் பொருத்தியிருந்தேன். மரத்தைச் சுரண்டி, ஈரம் ஏறாதபடி ஆளிவிதை எண்ணெய் தடவிக் காயவைத்தேன்.

அடுத்த ஞாயிறு குண்டுகள் பக்கவாட்டில் ஓடவில்லை. ஆனால் கொடியில் போட்ட துணி மாதிரி மேலும் கீழுமாக நீளத் தொங்கின. பக்கவாட்டுக் குற்றம் என்னுடையது. மேல் கீழ் போவது மருந்தின் குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. மருந்து கூடினால் குண்டு மேலே போகும், குறைந்தால் கீழே விழும். மிச்சமிருந்த ஆறு தோட்டாக்களைக் கேட்டேன்.

"என் மருந்து மேல கைய வெக்காதே" என்றார் பட்லர். துரை முறைத்ததும் கொடுத்துவிட்டார்.

தங்கம் சோதிக்கிற ஆபீஸில் எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவருடைய தராசில் ஆறு தோட்டாக்களின் மருந்தையும் தனித்தனியாகக் கொட்டி நிறுத்தோம். இரண்டு ஒரே எடை. மற்ற நான்கும் நான்கு விதம்.

சண்டை போடத்தான் பங்களாவுக்குப் பின்பக்கமாகப் போனேன். பட்லர் ஜன்னலோரம் நின்று மருந்துக் கரண்டியைக் கையில் வைத்திருந்தார். கரண்டியின் உட்புறம் ஒரு கோடு உண்டு. மருந்து அந்தக் கோடு வரை நிற்க வேண்டும். அவர் கரண்டியைக் கண்ணருகே கொண்டுவந்தார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு உத்தேசமாகக் கொட்டினார்.

நான் வாசலில் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணா, கோடு தெரியலயா?" என்றேன்.

கரண்டியை மேசையில் வைத்தார். பிறகு, "ரெண்டு வருசமா இப்பிடித்தான். துரைக்குச் சொல்லிடாதப்பா. வேற ஆள வெச்சிடுவாரு" என்றார்.

சண்டை எங்கே போயிற்றோ. சாயங்காலம் லேத்தில் ஒரு பித்தளைக் கம்பியைக் கடைந்து, சரியான அளவு மருந்து மட்டும் கொள்ளும் சின்னக் குப்பி ஒன்று செய்தேன். அதில் கோடே கிடையாது. விளிம்பு வரை நிரப்பி, மேலே விரலால் வழித்துவிட வேண்டியதுதான். மறுநாள் பட்லரைக் குமாஸ்தாவின் தராசுக்குக் கூட்டிப்போய், கையில் கொடுத்து நிரப்பச் சொன்னேன். பத்துத் தடவையும் தராசில் ஏறக்குறைய ஒரே எடை காட்டியது.

"இதுக்குக் கண்ணே வேணாமே!" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

அந்த ஞாயிறு துரை சுட்ட ஐந்து குண்டுகளையும் உள்ளங்கையால் மூடலாம். துரை குதித்தார். "இன்னா கொறை இருந்துச்சு?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்டார்.

"கட்டை இடிச்சுது சார். என் தப்பு. சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். பட்லர் ஒரு அடி முன்னே வந்தார். "பாதிதான் அவன் தப்பு சார். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. மருந்து கூடக் கொறையப் போட்டது நானு."

துரை அவரை உற்றுப் பார்த்தார். பிறகு, "அதான் சூப்பிலே உப்பு அப்படி!" என்று சத்தமாகச் சிரித்தார். வேலை போகவில்லை. அந்த மாதமே அவரைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்த அன்று பட்லர் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, என் முகத்தருகே குனிந்து பார்த்தார்.

"இன்னாபா, உனக்கு அம்மத் தழும்பு இருக்கா? இத்தினி நாள் சொல்லவேயில்லியே!"