இரும்புக் கதவின் கண்ணாடி

காக்களூர் தொழிற்பேட்டையில் நான் பதினொரு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில், ஒருநாள் காலை ஒப்பந்த ஆட்களான எங்கள் எல்லோரையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். முந்தின நாள் வரை என்னோடு டீ குடித்த செக்யூரிட்டி, முகத்தைப் பார்க்காமல் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்கு வீடு திரும்பினேன். எங்கள் வாசலில் பழைய இரும்புக் கதவு, மேல் பாதி கண்ணாடி. உள்ளே தாழ் போட்டிருந்தது. மனைவி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை தட்டினேன். யாரும் வரவில்லை. அடுத்த தடவை கையை மடக்கிக் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினேன். பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த என் எட்டு வயது மகள், தாழைத் திறக்க அப்போதுதான் வந்து நின்றிருக்கிறாள். ஒரு சில்லு அவள் நெற்றியைக் கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டரம்மா எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "காத்துல கதவு அட்ச்சிக்கிச்சு மேடம்."

மகள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் சுற்றியிருந்த கர்ச்சீப்பில் ரத்தம் ஊறியிருந்தது. டாக்டரம்மா அதையும் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் கண்ணாடியை மாற்ற உட்கார்ந்தேன். ஓரத்தில் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளின் ஸ்க்ரூவெல்லாம் துருவேறிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, மிச்சச் சில்லுகளைப் பொறுக்கினேன். நெற்றியில் கட்டோடு மகள் உள்ளறையிலேயே இருந்தாள். கூப்பிட்டேன். வரவில்லை.

திருவள்ளூர் பஜாரில் கண்ணாடிக் கடையை ஒரு பெண் நடத்துகிறார். என் வயதுதான் இருக்கும். அளவைச் சொன்னதும் கேட்டார்: "சட்டத்துக்குச் சரியா எடுத்துக்கினு வந்தியாண்ணா? ரெண்டு மூணு மில்லி கொறச்சி வெட்டட்டா? இரும்புக் கதவு, வெயில்ல சூடேறுனா இறுக்கிக்கினு விரிசல் வுட்டுடும்."

"நான் கம்பெனில அளவு பாக்கற ஆளும்மா. சொன்ன மாதிரியே வெட்டு."

"இன்னாவோ, உன் இஷ்டம்" என்று வெட்டிக் கொடுத்தார்.

அளவு பார்ப்பது என் வேலை என்று நான் சொன்னது பொய். முந்தின நாள் காலையோடு அது போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொல்லிக்கொண்டதில் ஏதோ ஒரு திமிர் இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடி சட்டத்தில் சிரமப்பட்டுத்தான் உட்கார்ந்தது. பட்டைகளை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினேன். துடைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மதியம் இரண்டு மணி இருக்கும், கதவில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. டப்பென்று ஒரு சத்தம். மூலையிலிருந்து மூலை வரை கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

சத்தம் கேட்டதும் உள்ளே மகள் அலறினாள். ஓடினேன். அவள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதாள்.

"நான் ஒண்ணும் பண்லடா. அதுவா வுட்டுக்கிச்சு" என்றேன். உண்மைதான். ஆனால் யார் நம்புவார்கள்?

"நாளைக்கு வேற கண்ணாடி வாங்கினு வரேன், அளவு கொறச்சி" என்று மனைவியிடம் சொன்னேன்.

"கண்ணாடி வேணாம். தகரம் வாங்கினு வா. அதுல குத்துனா சத்தம் மட்டுந்தான் வரும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

தகரம்தான் வாங்கி அடித்தேன். கூடம் பகலிலும் இருட்டாகிவிட்டது. மகள் லைட்டைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள்.

இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன். அங்கும் ஒப்பந்தம்தான். புதுவாயலில் பஸ் மாறி, வீடு வந்து சேர ஏழு மணி ஆகிறது. கதவைத் தட்டினால் "யாரு?" என்று மகள் கேட்கிறாள். "நான்தாம்மா" என்கிறேன். தாழ் விலகும். கதவை நான்தான் தள்ளித் திறக்க வேண்டும். அதற்குள் அவள் சுவரோரமாக ஒதுங்கிப் போய் நின்றிருப்பாள்.