புரட்டாசியில் வந்த விரால்

ஆவணி கடைசி நாள் பொழுது சாய்ந்தபிறகு, உயிரோடு ஒரு விரால் மீனை வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான் காலண்டர் பார்க்கிற ஜாதி இல்லை. வந்தவாசியில் சேலைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஏரிக்கரையில் விற்றார்கள், நாக்கு ஊறியது, வாங்கிவிட்டேன்.

மனைவி அப்போதுதான் சமையலறையைக் கழுவிவிட்டு, மீன்சட்டியைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"வெடிஞ்சா புரட்டாசி. இப்ப போயி மீனத் தூக்கினு வந்து நிக்கிறீங்களே. எதுக்கு வேண்டிக்கினேன்னு மறந்துபோச்சா?"

மறக்குமா? முந்தின வருஷம் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டேன். தறி நெய்கிறவனுக்குக் கால்தானே பாதிப் பிழைப்பு. நான் மறுபடி தறியில் உட்கார்ந்தால், புரட்டாசி முழுக்க வீட்டுக்குள் கவுச்சியே வராது என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏரியிலயே உட்டுட்டு வாங்க" என்றாள். ஏரியில் விட்டால் மறுநாள் யார் வீட்டுக் குழம்பிலாவது கொதிக்கும். ஒரு மாதம் வளர்த்து ஐப்பசியில் நாமே சாப்பிடலாம் என்றேன். மகள் வேலூருக்குப் படிக்கப் போனதிலிருந்து அவளுடைய கண்ணாடித் தொட்டி காலியாகக் கிடந்தது. அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, துள்ளி வெளியே விழாமலிருக்கப் பலகை போட்டு, அதன்மேல் அம்மிக் குழவியையும் வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. காலையில் பார்த்தால் அது பலகையை மூக்கால் முட்டிக்கொண்டிருந்தது. விரால் மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் செத்துப்போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாகக் கால்வாசித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினேன். மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, என்னைத் திட்டுவதுபோல் பார்த்தது.

மூச்சுக்கு வழி செய்தாயிற்று. சோற்றுக்கு என்ன செய்வது? விரால் உயிருள்ளதைத் தின்கிற மீன். சோற்றுப் பருக்கை போட்டேன், ஊறவைத்த பருப்பு போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையில் உருண்டைத் தீனி வாங்கிவந்தேன். மனைவி டப்பாவை முகர்ந்து பார்த்து, "கருவாட்டு நாத்தம் அடிக்குது" என்று வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள்.

"பெருமாளே மொதல்ல மீனாத்தானே வந்தாரு" என்றேன்.

"இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் நாலு புழுவைப் போட்டிருக்கலாம். ஆனால் தறியில் உட்கார்ந்து மிதிக்கும்போதெல்லாம் கால் ஞாபகப்படுத்தியது. எனக்காக வேண்டிக்கொண்டவளை நானே ஏமாற்றுவதா? மனசு வரவில்லை. மீனோ நாளுக்கு நாள் ஒடுங்கியது. தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பிறகு அடியிலேயே கிடந்தது, காற்று குடிக்க மட்டும் மெதுவாக மேலே வந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரியேதான் நடமாடினாள். ஆனால் தொட்டியைக் கடக்கும்போது அவள் நடை தயங்குவதைக் கவனித்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தவள், புடவையைக்கூட மாற்றவில்லை. பின்பக்கம் குழாயடி ஈரமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சியில் மண்புழுக்களோடு வந்து, பலகையை நகர்த்தித் தொட்டியில் கவிழ்த்தாள். அடியில் கிடந்தது ஒரே பாய்ச்சலில் வந்து விழுங்கியது. தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னா பாக்குறீங்க? வேண்டிக்கினது நானு. அது எப்ப வேண்டிக்கிச்சு?"

அன்றிலிருந்து புழு எடுப்பது அவள் வேலையாயிற்று. அவள் நிழல் தெரிந்தாலே மீன் மேலே வந்து நிற்கும். நான் போனால் வராது, நன்றிகெட்டது. எனக்கு அந்த நன்றி உண்டு. என் காலுக்காக ஒரு மாதம் வாயைக் கட்டியவள், ஒரு மீனின் வயிற்றையும் பார்த்தாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

ஐப்பசி பிறந்தது. காலையிலேயே அவள் முக்காலி போட்டுப் பரணிலிருந்து மீன்சட்டியை இறக்கினாள். வளர்த்துச் சாப்பிடலாம் என்று சொன்னவன் நான்தானே. தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"அங்க இன்னா காவலு? கடைக்குப் போயி கறி வாங்கினு வாங்க" என்றாள். "அதுக்கும் கொஞ்சம் ஈரல் கேட்டு வாங்கிக்குங்க."